அந்தோனியாரடி வைஃபை

மச்சான்,

உன் பெயரைக் களவெடுத்தது நான்தான்.

இன்று, ஆஸ்பத்திரிக்குள் மட்டும் பேசும் உன் வைஃபை போனைச் சார்ஜரிலிருந்து எடுத்தேன். உன் இடத்துக்குப் புதிதாக வந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். பின்பக்கத்தில் நீ ஒட்டிய பிளாஸ்டரில் இன்னும் ஸ்பிரிட் வாசம். இப்போது காலையில் எடுத்தால் பொழுதுபட்டும் பற்றறி நிற்கிறது. முன்பு மத்தியானச் சோற்றுக்கு முன்பே செத்துவிடும்.

எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் நீ நோயாளரைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் செல்லும் தற்காலிக ஊழியன். நான் கம்பியூட்டர் பிரிவு. கதிரையில் இருப்பவனுக்குப் படித்தவன் என்று பெயர். நாள் முழுக்க நடப்பவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

நடைவழியில் நிற்கும் அந்தோனியார் சுருவத்துக்கு மேலே இருந்த வைஃபைப் பெட்டிக்குக் கீழே நின்றால்தான் பேச்சுத் தெளிவாகக் கேட்டது. "லைன் வேணுமெண்டா அந்தோனியாரடிக்கு ஓடு" என்பார்கள் தாதிகளான மிஸ்ஸிமார். மெழுகுதிரிகூடக் கொளுத்தினார்கள். நான் சிரித்தேன். பிறகு நானும் என் பங்குக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்: அந்தப் பெட்டியின் வலுவை உச்சத்துக்கு ஏற்றிவிட்டேன்.

அடுத்த கிழமை, இரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு தாயைப் பிரசவ வார்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாய். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு நீ எடுத்த அழைப்பு நடுவழியில் அறுந்தது. மிஸ்ஸியிடம் வண்டியை விட்டுவிட்டு நீ ஓடிப்போய்ச் சொன்னாய். தாய் தப்பினாள். நீ நேரே என் அறைக்கு வந்தாய்.

"அந்தப் பெட்டியைக் குறை மச்சான்."

"கூட்டியே காணாது. குறைக்கச் சொல்றாய்?"

"வள்ளச் சொந்தக்காரன் சம்மாட்டி கரையில நிண்டு கத்தினா கடல்ல நிக்கிறவனுக்குக் கேக்கும். அவன் திருப்பிச் சொல்றது சம்மாட்டிக்குக் கேக்குமே? அவன் தொண்டை கிழியக் கத்திக் கத்தியே சாவான். பக்கத்து வள்ளத்தில ஆள் இருந்தும் திரும்பிப் பாக்கான்."

போன்கள் தூரத்துப் பெரிய குரலையே பிடித்துக்கொண்டு, பக்கத்துப் பெட்டிக்கு மாறாமல், கத்தியே பற்றறியைத் தின்றுகொண்டிருந்தன. நான் படித்த புத்தகத்திலும் அது இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

எல்லாப் பெட்டிகளையும் போனின் வலுவுக்கு ஏற்பக் குறைத்தோம். எப்படிச் சோதிப்பது என்றேன். "மந்திரம் சொல்லிக்கொண்டு நடக்கிறன். ஒரு சொல் விழுந்தாலும் உனக்குத் தெரியும்தானே" என்றாய். பிரசவ வார்டிலிருந்து 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினாய். நான் அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து பெட்டிகளைக் கடந்தாய். ஒரு சொல்கூட விழவில்லை.

இன்றைக்கும் அது எனக்கு அதிசயம்தான். நீ பேசும்போதே அந்தப் போன் நொடிக்கு ஐம்பது தடவை நித்திரைக்குப் போய் எழும்பியது. எழும்பும் கணத்தில் உன் குரலைக் கொடுத்து, தனக்கு வந்ததை வாங்கிக்கொண்டு, மறுபடி உறங்கியது. ஒரு சொல்லின் நடுவில் ஒரு பெட்டியை விட்டு அடுத்ததைப் பிடித்தது. அதைவிடப் பெரிய அதிசயம், அந்தக் கட்டடம் முழுவதையும் காலாலேயே படித்து வைத்திருந்த நீ.

பெட்டிகளைத் திருத்தியது பற்றி நிர்வாகத்துக்கு நான் அறிக்கை எழுதும்போது கேட்டாய்: "என்ர பேரையும் ஒரு மூலையில போடன். நிரந்தரமாக்கிற நேர்முகத்துக்குக் காட்டலாம்." ஓம் என்றேன். என் பெயரை மட்டும் போட்டேன். எனக்குச் சம்பள உயர்வு வந்தது. நேர்முகத்தில் உன்னிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை, தற்காலிகமாகவே இருந்தாய். மழைக்குள் நானாட்டான் பாதையில் லொறி அடித்து நீ போனபோதும் தற்காலிகம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து உன் மனைவிக்கு ஒரு சதமும் இல்லை.

போன கிழமை மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையைத் திருத்தச் சொன்னேன். "செத்த ஆளுக்கு இனி என்னத்துக்குத் தம்பி?" என்றார். திருத்திய அறிக்கையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அது அங்கேயே கிடக்கிறது.

என் பெயர் மட்டும் இருந்த தாளை அன்று நீ பார்த்தாய். "பரவாயில்லை மச்சான்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாய். அந்தப் பரவாயில்லையோடு என்னால் இருக்க முடியவில்லை. ஒருக்கா என்னை ஏசு. வாய் நிறைய ஏசடா.