முயல்குட்டிகளும் தாய்மாமன்களும்

சதுரங்கப்பட்டினம்
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள மகன் வெங்கடேசனுக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பின்னால் கட்டியிருக்கும் பசுமாடு மூவரும் சௌக்கியம், மாடு எங்கள் ரெண்டு பேரையும்விடச் சௌக்கியம். என் முட்டி மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஹாம்பர்க்கில் நீ உடம்பும் மனசுமாக நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா திருக்கழுக்குன்றத்துச் சாமியிடம் சொல்லியிருக்கிறாள். மலையேற என்னால் முடியவில்லை, அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிட்டு வந்தோம், அவருக்குக் கேட்டிருக்கும். உன் நலத்தை நீ நாலு வரி எழுது. வாட்ஸப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புகிறாயே, அதற்கு நலம் என்று அர்த்தம் என்பதே மாப்பிள்ளை ஜோயல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் நீ யாரிடமோ லிப்ட் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் தங்கச்சி தமிழ்ச்செல்வி பேரை எடுத்தாலே உங்கள் ஊரில் டவர் போய்விடுகிறது. ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், அவ்வளவு பெரிய தேசத்தில் இவ்வளவு மட்டமான டவரா. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நீ கிழித்துப் போடுவதாக இருந்தாலும் அதற்குள் ரெண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தமிழ்ச்செல்வியின் மகள் கயல் பற்றிய கடிதம், நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைப் பற்றிய கடிதம். உட்கார்ந்து படி.

இங்கே பள்ளிக்கூடத்தில் ஜாய்ஸ் டீச்சர் என்று செங்கல்பட்டிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவு உண்டாம், நாலு வயசு அஞ்சு வயசுப் பிள்ளைகளைச் சேர்த்து சனிக்கிழமை சனிக்கிழமை விளையாட்டு, பாட்டு, கடற்கரையில் நடை, கோட்டைப் பக்கம் போய்ச் செடி கொடி பார்ப்பது, இப்படி. இங்கிலீஷில் அதற்குப் பன்னி என்று பெயர், முயல்குட்டி என்று அர்த்தமாம். அந்த இங்கிலீஷ் பெயரை நம் ஊரில் அப்படியே சொன்னால் பிள்ளைகளைச் சாகும்வரை கேலி செய்வார்கள் என்று டீச்சருக்கு ரெண்டே நாளில் புரிந்துவிட்டது, முயல்குட்டிப் படை என்று தமிழிலேயே வைத்துவிட்டார். ரெண்டு பக்கத்துக்கு நோட்டீஸ் அடித்துப் பெற்றோரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். மூணு பேர் வந்தார்கள், அதில் ஒருத்தர் ரேஷன் கடை என்று நினைத்து வந்தவர். அதற்கப்புறம்தான் டீச்சர் நம் வூட்டுக்கு வந்தார். செங்கல்பட்டு, மாமல்லபுரம் ரூட்டில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்த மனுஷன், எந்த வீட்டில் யார், எந்த ஸ்டாப்பில் இறங்குவார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள் என்றார். என்னை யாராவது புகழ்ந்தால் எனக்கு முட்டிவலி இருப்பதே மறந்துவிடும், அது உனக்குத் தெரியும்.

நாற்பது வீடு ஏறி இறங்கினேன் வெங்கடேசா. ஒருத்தன் இது மிலிட்டரியா, பிள்ளையை பார்டருக்கு அனுப்பிடுவீங்களா என்கிறான். இன்னொருத்தி இதில் சர்டிபிகேட் கொடுத்தால் பின்னால் டாக்டர் சீட்டுக்கு ஆகுமா என்று கேட்கிறாள், அவள் பிள்ளை அப்போது மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. கழுத்தில் துண்டு கட்டுவார்கள் என்றதும் முத்துசாமி எந்தக் கட்சித் துண்டு என்று கேட்டான். எல்லாவற்றையும்விடப் பெரிய ரகளை கைகுலுக்குவதில் வந்தது. சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்களாம், நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிற கை அதுதானாம். இதைச் சொன்னதும் கோடிவீட்டுப் பார்வதம் எழுந்து நின்றுவிட்டாள். பீச்சாங்கையை நீட்டச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா, அதுக்கு நான் ஆறு மாசம் அடிச்சி அடிச்சி சோத்துக்கையைப் பழக்கினேனே என்று ஒரே கத்தல். நெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கழுவி வைத்துக்கொள்ளச் சொல்லித்தரட்டுமே என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்படிப் பேஜாராகிப் போனதால், நம் ஜனத்துக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று பத்தாவது வீட்டிலிருந்து வேறு பாட்டு பாட ஆரம்பித்தேன். இது காதுகுத்து மாதிரிதான் அம்மா, ஓட்டை கிடையாது, அழுகை கிடையாது, குழந்தை ரெண்டு வரி உறுதிமொழி சொல்லும், கழுத்தில் துண்டு கட்டுவார்கள், கைதட்டுவோம், முடிந்தது. கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது எல்லோருக்கும். அப்போ துண்டு யார் கட்டுவாங்க என்று கேட்டார்கள். பிள்ளைக்கு முதல்முதலாக ஒன்றைச் சபையில் கழுத்தில் போடுவதென்றால் யார் போடுவார், தாய்மாமன்தான் என்று சொல்லிவிட்டேன். நாற்பது வீட்டிலும் சொன்னேன். டிக்கெட் டிக்கெட் என்று சொல்கிற மாதிரி வாய் தானாகச் சொன்னது. நம் வீட்டிலும் ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறது, அதற்கும் ஒரு தாய்மாமன் இருக்கிறான், அவன் எங்கே இருக்கிறான் எப்படி இருக்கிறான் என்று இந்த மடையனுக்குத் தோன்றவே இல்லை.

செப்டம்பர் பதிமூன்றாம் தேதி விழா. பத்து மணிக்கு ஆரம்பித்துப் பத்தே முக்காலுக்கு முடித்துவிடலாம் என்று ஜாய்ஸ் டீச்சர் பேப்பரில் எழுதி வைத்திருந்தார், பாவம். ஒன்பது மணிக்கே ரெண்டு வேன் வந்து நின்றது. பிள்ளைகள் பத்தொன்பது, தாய்மாமன்கள் முப்பத்தொன்று. சீர்த்தட்டு, பழம், வெற்றிலை, பட்டுப் பாவாடை, ஒருத்தன் ஆட்டுக்குட்டியையே கயிறு கட்டி இழுத்து வந்திருந்தான். முத்துசாமி மச்சான்காரன் பிளெக்ஸ் வைத்திருந்தான், பிள்ளை படம் தபால்தலை அளவு, மாமன் படம் ஆள் உயரம், போனைக் காதில் வைத்துக்கொண்டு. ஒரு பையனுக்குப் பெரிய மாமன் சின்ன மாமன் ரெண்டு பேரும் துண்டை ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்ததில் பையன் முகம் நீலமாகிவிட்டது, டீச்சர் ஓடி வந்து அவிழ்த்தார். இப்படிப் பார்த்ததே இல்லை என்று முதலில் திகைத்து நின்ற அந்த அம்மா, பதினோரு மணிக்கெல்லாம் தாம்பூலத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, மாமா முன்னாடி வாங்க, முடிச்சு பின்னால வராதுங்க என்று அவரே நடத்த ஆரம்பித்துவிட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மைக் என் கையில். பிள்ளை பெயரைச் சொல்லி, தாய்மாமன் பெயரைச் சொல்லி, மேடைக்கு வருக என்று ஒவ்வொருவராக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன், பழைய உத்தியோகம் திரும்பி வந்த மாதிரி.

பதினாலாவது பெயர் கயல். பட்டியலைப் பார்த்து, ஜோயல் தமிழ்ச்செல்வி மகள் கயல், தாய்மாமன் என்று சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. வெங்கடேசன், ஆறே எழுத்துதான், முப்பத்தைந்து வருஷம் முன்னால் நானே வைத்த பெயர், அதைச் சொல்லிவிட்டு யாரைக் கை காட்டுவது. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டதாம், உன் அம்மா பிற்பாடு சொன்னாள். பிள்ளை மேடையில் ஏறி நிற்கிறது, வாசல் பக்கம் பார்க்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாமன் வந்தானே, தனக்கும் வருவான் என்று பார்க்கிறது. கூட்டத்தில் இருந்த யாருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. நம் தெருப் பெண் அந்தத் தெருவுக்குக் கட்டிக்கொண்டு போனதும், அதுவும் வேதக்காரர் வீட்டுக்குப் போனதும், நீ அவள் எனக்குத் தங்கச்சியே இல்லை என்று போனில் சொன்னதும் ஊருக்கே மனப்பாடம். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜோயல் எழுந்தான், அப்பாவே போட்டால் என்ன என்று நினைத்திருப்பான். டீச்சரும் கையை நீட்டினார். அதற்குள் தமிழ்ச்செல்வி மேடை ஏறி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"எங்க அண்ணன் வெளிநாட்டுல கீது. அது வந்து போடும். அதுவரிக்கும் துண்டு மடிச்சே இருக்கட்டும் டீச்சர்."

இவ்வளவுதான் சொன்னாள். எங்க அண்ணன் என்று அவள் வாயால் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது வெங்கடேசா. அவளுக்கும் உன்மேல் கோபம் இல்லாமல் இல்லை, உன்னைவிட நூறு மடங்கு வீம்புக்காரி அவள். கயலுக்குக் காது குத்தும்போது மாமன் மடி இல்லையே என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று, செங்கல்பட்டு நகைக்கடையில் ஸ்டூலில் உட்கார வைத்து மெஷினால் குத்திக்கொண்டு வந்தவள். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் உன் போட்டோவைப் பார்த்து இது யார் என்று பிள்ளை கேட்டபோதுகூட, தாத்தாவைக் கேள் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனவள். அப்படிப்பட்டவள் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். நான் மேடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஆட்டுக்குட்டி ஒன்றுதான் பார்த்தது.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கல்யாணத்தில் நானும் ஆறு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன்தான். பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று முப்பத்திரண்டு வருஷம் சத்தம் போட்டவன், சொந்த வீட்டில் அதைச் சொல்ல எனக்கு ஆறு மாசம் பிடித்தது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நீ அங்கே எந்தெந்த நாட்டுக்காரனோடோ ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற போட்டோவெல்லாம் அனுப்புகிறாய், உன் அம்மா பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிகிறாள். இங்கே சிறுசேரிக்கு விடிகாலையில் கம்பெனி வண்டி ஏறி ராத்திரி திரும்புகிற ஜோயல், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்து என் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறான். அவனோடு ஒரு மேசையில் உட்கார உனக்கு என்னடா கேடு. கோபித்துக்கொள்ளாதே, நைனா எழுதுகிறேன், நைனாவுக்கு இதுகூடச் சொல்ல உரிமை இல்லையா.

இப்போது நடப்பதைக் கேள். சனிக்கிழமைதோறும் பதினெட்டு முயல்குட்டி துண்டு கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. கயல் மட்டும் தன் துண்டை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு நாள் போனால் போகிறது நானே கட்டிவிடுகிறேன் என்று கிட்டே போனேன், கையைத் தட்டிவிட்டாள். இடது கையால். டீச்சரோ பிள்ளை பிரியப்படி நிற்கட்டும் என்கிறார். வீட்டுக்குத் திரும்பும்போது தாத்தா, மாமா பஸ் எங்க வந்துகினு கீது என்று கேட்கிறாள். வெளிநாடு என்றால் அவளுக்கு ரொம்ப தூரத்திலிருந்து கிளம்பிய பஸ், அவ்வளவுதான். முதல் சனிக்கிழமை வாய்க்கு வந்தபடி மீனம்பாக்கம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அடுத்த வாரமும் அதையே சொன்னால் விடுவாளா, கண்டக்டர் பேத்தி. தாம்பரம் என்றேன். அதற்கடுத்த வாரம் செங்கல்பட்டு. நேற்றுத் திருக்கழுக்குன்றம். அங்கே மலைமேல் வந்துகொண்டிருந்த கழுகு நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது, இன்னும் மத்தியானம் ஆனால் ஜனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்தப் பிள்ளையும் அப்படி நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

உன் அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் தனியாக அனுப்பியிருக்கிறாள், இந்தத் தடவை மூடியில் மெழுகு வைத்திருக்கிறோம், போன தடவை மாதிரி உன் கம்பெனியில் யாரும் குண்டு என்று பயந்து போலீசைக் கூப்பிட வேண்டாம். குளிர் ஆரம்பித்துவிட்டதாம், காதை மூடிக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. தீபாவளி முடிந்து இது வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை, ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊரில் யாரும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள், அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் கை எடுத்த காரியமெல்லாம் ஜெயிக்க வேண்டும், எங்கள் ரெண்டு பேர் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்று தபால்காரர் சொல்கிறார். அதற்குள் எனக்குச் சொல்ல ஒரே ஒரு ஸ்டாப்தான் மிச்சம் இருக்கிறது, புதுப்பட்டினம். அதை விட்டால் நம் ஊர். வருகிற சனிக்கிழமை பஸ் புதுப்பட்டினம் வந்துவிட்டது, அங்கே பஞ்சர் ஆகி நிற்கிறது என்று சொல்லப்போகிறேன். பஞ்சர் ஒட்ட எத்தனை நாள் ஆகும் என்று நீதான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கும்
உன் நைனா
அப்பாசாமி