குழம்பு மணக்கலைன்னு சொன்ன மூக்கு

மாமா,

ராத்திரித் தறி ஓட்டிட்டு அசந்து தூங்குறீக, எழுப்பல. மதுரை டாக்டர் போன் பண்ணுனாரு. சோதனைக்கு மூக்குக்குள்ள கிள்ளி எடுத்த சதையில புற்று இல்லையாம். மரு மாதிரி கட்டியாம், ரொம்ப அபூர்வமாம். வேரோட எடுக்கலைன்னா திரும்ப வளருமாம். உங்க பிடிவாதத்துக்கு ஏத்த கட்டிதான்.

பஞ்சுத் தூசி அடைச்சிருக்குன்னு வருஷம் பூரா தைலத்தை அப்புனீக. என் குழம்பு மணக்கலைன்னு தட்டைத் தள்ளுனீக, உங்க அம்மாகிட்டயும் குறை சொன்னீக. சாயங்காலம் அவுக வாராக. பழுது குழம்புல இல்ல, மூக்குலதான்னு நீங்களே அவுககிட்ட சொல்லணும்.

கருவாட்டுக் குழம்பு சட்டியில இருக்கு. நான் வேலைக்குப் போறேன்.

தங்கமாரி

பால் கெட்டுப்போச்சான்னு நீங்களே மோந்து பாத்து முடிவு பண்ணாதீக. பக்கத்து வீட்டுச் சங்கரி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

இன்னொண்ணு: டாக்டர்கிட்ட போன்ல பேசிக்கிட்டே குழம்புல ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன். இன்னைக்கு மட்டும் குறை சொல்லிக்கிடுங்க.