இரண்டாவது பொத்தான் பச்சை

ஜூலை 11, வெள்ளி

காலையிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. துணி காயவில்லை, பெயிண்டும் காயவில்லை.

இது உயிரியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம். முன்னால் தவளைக் குடல் படம். அண்ணன் திறக்க மாட்டான், அவனுக்குக் குமட்டும்.

இன்று முடித்தது:
தலை 6
மீசை 6
சட்டை 4 (கட்டம் போடுவதுதான் கஷ்டம்)
கண் 2. மீதி நாளை.

கண் வைக்கும்போது மூச்சை அடக்க வேண்டும். பிரஷ்ஷில் மூன்றே மூன்று முடி. அண்ணன் கம்ப்யூட்டரில் உருவம் செய்வான், 3டி பிரிண்டர் மிஷின் அதை ரெசினில் எடுத்துத் தரும். என் நடுவிரல் உயரம். வர்ணம் என் வேலை. "ஒன் கை படலேன்னா இது வெறும் பிளாஸ்டிக்கு, பாப்பா." அண்ணன் அப்படிச் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பொம்மை என்றால் அவனுக்குக் கோபம் வரும். கலெக்‌ஷன் பீஸ் என்று சொல்ல வேண்டுமாம். கொலைகாரர் வரிசை. சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் கேட்கிறார்கள். முதல் மூன்றும் வெளிநாட்டு ஆள்கள். மூன்றாமவன் கண்ணாடி போட்டு, கணக்கு வாத்தியார் மாதிரி. பாட்டுக் கேட்டுக்கொண்டே அடித்தேன். யாரைக் கொன்றான் என்று கேட்கக்கூட இல்லை.

நாலாவது நம்ம ஊர். பெட்டியில் 'ஏலமலை எமன்' என்று போட்டிருக்கிறான்.

அந்த ஜீப் டிரைவர்தான். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைத் தினமும் மலைக்கு ஏற்றிப்போனவன். மூன்று பேரைக் கொன்றான். இப்போது ஜெயிலில். மூன்றாவது ஆள் கா.வின் அம்மா.

கா. பேரை முழுதாக எழுத மாட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் அம்மாவை நான் அத்தை என்பேன். அத்தை குழம்பு ஊற்றி எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

செய்யாதே என்று அண்ணனிடம் சொன்னேனா? சொன்னேன். ஒரு தடவை. மெதுவாக.

ஜூலை 12, சனி

பொத்தான் விஷயம். எழுதித்தான் ஆக வேண்டும்.

கா. என்னிடம் மட்டும் சொன்னது. சம்பவத்துக்கு முதல் நாள் ஜீப்பு மழைக்கு ஒதுங்கி நின்றது. அவன் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. அத்தை, "என்னண்ணே, நெஞ்சத் தொறந்து போட்டு வண்டி ஓட்டுறீக, சளி புடிக்காதா" என்று சொல்லி, கா.வின் பழைய யூனிஃபார்ம் பொத்தானைப் பையிலிருந்து எடுத்துத் தைத்துக் கொடுத்தது. பச்சை. வீட்டுக்கு வந்து கா.விடம் சொல்லிச் சிரித்ததாம். மறுநாள் அதே சட்டை.

பேப்பர் போட்டோவில் அந்த இடத்தை விலங்கு போட்ட கை மறைக்கிறது. யாருக்கும் தெரியாது.

நான் பச்சை வைத்தேன். எல்லாச் சட்டையிலும் இரண்டாவது பொத்தான்.

ஏன்? தெரியவில்லை. சரியாக இருக்கணும் என்று தோன்றியது. கை அது பாட்டுக்குப் போனது. கா.வின் நினைப்பே அப்போது இல்லை. நினைத்துப் பார்த்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். "எங்கருந்துடி இது?" மழுப்பினேன். விடவில்லை. சொல்லிவிட்டேன். எழுந்து நின்று கைதட்டினான்.

சாயங்காலம் வீடியோ போட்டுவிட்டான். பொம்மை சுற்றுகிறது. பொத்தானுக்கு மட்டும் வட்டம். 'போலீசுக்கே தெரியாத பச்சைப் பொத்தான்.'

கா. வீட்டில் பட்டன் போன்தான். சித்தியோடு சிலமலையில் இருக்கிறாள். பார்க்க வழியில்லை. இல்லைதானே?

ஜூலை 13, ஞாயிறு

அம்மா ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கிறது. ஞாயிறு மட்டும் வீடு. அலமாரி துடைக்கும்போது பொம்மையைப் பார்த்தது. முதலில் சினிமா வில்லன் என்று நினைத்திருக்கிறது. அப்புறம் கிட்டே வைத்துப் பார்த்தது.

"எலேய். இவன எதுக்குடா வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சுருக்க?"

"சும்மா ஆர்ட்டும்மா."

அம்மா ஆறு பொம்மையையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுக் கத்திரிக்காய் அரியப் போனது.

அம்மா ஏன் திட்டவில்லை என்று எனக்குத் தெரியும். அண்ணன் படிப்பு முடித்து இரண்டு வருஷம் படுத்தே கிடந்தான். குளிக்க மாட்டான். மிஷின் வந்த பிறகுதான் நேரத்துக்குச் சாப்பிடுகிறான், சிரிக்கிறான். நானும் அதனால்தான் மெதுவாகச் சொன்னேன்.

மத்தியானம் மறுபடி கேட்டுப் பார்த்தேன். அண்ணன்: "சூரனுக்குத் தல செஞ்சு வருசா வருசம் வெட்டுறாக. அத எல்லாரும் போயி பாக்குறீகள்ல. அது தப்பில்ல, இது மட்டும் தப்பா?"

படுத்துக்கொண்டு யோசித்தேன். சூரனை யாரும் ஷோகேஸில் வைப்பதில்லை. ஆனால் கொலுவில் சூரனையும் வைப்பார்களே. சூரனுக்கு யாரும் பொத்தான் தைத்துத் தரவில்லை. இது பதிலா? இல்லை போலிருக்கிறது.

கண்ணாடி போட்ட அந்த மூன்றாமவன் நினைப்பு வந்தது. அவன் ஊரிலும் ஒரு கா. இருப்பாளோ.

ஜூலை 14, திங்கள்

கெமிஸ்ட்ரி டெஸ்ட். ஊற்றிக்கொண்டது.

இடைவேளையில் பின் பெஞ்சில் ஒருத்தி போனை மறைத்து வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "ஏய் நம்ம போடிக்காரனுக்கு பொம்ம வந்துருச்சுடி." "எங்க, காட்டு. மீச சூப்பரு." கா. தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விரல் நகத்தில் பச்சை ஒட்டியிருந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் போனில். "செட்டாவா? பண்ணலாம் சார். கால்மாட்டுல ஒரு பொம்பள கெடக்குற மாதிரி… மூஞ்சி ஒரிஜினலா இருக்கணுமா? பாக்குறேன் சார்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அந்தம்மா போட்டோ எங்க தேடியும் கெடைக்கல. அந்தம்மா மக ஒன் கூட்டாளிதான? வெரசா ஒண்ணு வாங்கிட்டு வா."

"மாட்டேன்" என்று சொல்ல வாய் திறந்தேன். "கேட்டுப் பாக்குறேன்" என்றுதான் வந்தது.

ஜூலை 15, செவ்வாய்

மழை. காற்றில் பள்ளிக்கூட வேப்பமரம் ஒரு கிளை முறிந்து விழுந்தது.

நான் கேட்கவே இல்லை. கா. தானாகவே கொடுத்தாள். நோட்டு அட்டைக்குள் வைத்து, தாளில் சுற்றி.

"எங்கம்மா படம் இது ஒண்ணுதாண்டி. ரேசன் கார்டுக்கு எடுத்தது. நீ நல்லா வரைவேல்ல, பெருசா வரைஞ்சு குடு."

எதுக்கு என்றேன்.

"சித்திக கல்லு வச்சுருக்காகள்ல, அங்க வைக்கணுமாம்."

அத்தை விழுந்து கிடந்த வளைவில் எஸ்டேட் பெண்கள் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். மஞ்சள் துணி, வளையல், ஒரு கைப்பிடி பச்சை ஏலக்காய். ஜீப்பு அங்கே வந்தால் பேச்சு நிற்கும், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரு தடவை நானும் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் கல். கொன்றவனுக்கு யாரும் வைப்பதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அவன் இருக்கிறான். அத்தை இல்லை.

போட்டோ என் தலையணை உறைக்குள். அண்ணனிடம், "அவகிட்ட இல்லையாம்."

ஜூலை 16, புதன்

காய்ச்சல் என்று பொய். பள்ளிக்கூடம் போகவில்லை. அண்ணன் கூரியருக்குப் போன நேரத்தில் பழுப்பு கலந்து மீதியிருந்த நாலு பொம்மையிலும் பொத்தானை மூடினேன். நாலு தொடுகை. இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அவ்வளவுதானா என்று இருந்தது.

வந்து பார்த்தான். கையை ஓங்கினான். அடிக்கவில்லை. இதுவரை ஓங்கியதும் இல்லை.

"இத மறைச்சு என்ன செய்யப் போற? ஊரே பாத்துருச்சு. சொன்னது யாரு? நீதான? நான் போய் அவளக் கேட்டனா?"

அது உண்மை. அதற்குத்தான் அழுதேன். கை ஓங்கியதற்காக அழுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டு, புரோட்டா வாங்கி வந்து வைத்தான். சாப்பிட்டேன். பசித்தது.

படம் வரைய உட்கார்ந்தேன். போட்டோவில் அத்தை விறைப்பாக, யாரோ திட்டின மாதிரி. எனக்குத் தெரிந்த அத்தை இப்படி இல்லை. எப்படி இருக்கும்? கண்ணை மூடினால் மீசை வருகிறது. கட்டம் போட்ட சட்டை வருகிறது. அவன் மூஞ்சியைப் பார்க்காமலே வரைவேன். அத்தையின் முகம் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. வெயில் கொஞ்சம்.

கா. பார்த்துவிட்டாள். பஸ்சில் யாரோ காட்டியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் கைகழுவும் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"பச்சப் பொத்தான நான் ஒங்கிட்ட மட்டுந்தான சொன்னேன்?"

"ஆமா."

"பெயிண்டு?"

"நாந்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வழிந்து எங்கள் கால் நனைந்தது.

"அது அந்தப் பச்சையில்லடி. இன்னும் கொஞ்சம் கருத்தது."

அப்புறம்: "அந்தப் பொத்தான் கோர்ட்ல இருக்கு. சித்தி கேட்டா, தரமாட்டேன்னுட்டாக. ஒங்கண்ணன் பொம்மைல இருக்கு. எங்ககிட்டதான் இல்ல."

மன்னிப்புக் கேட்டேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. செட் விஷயத்தையும் சொல்லிவிட்டேன், அண்ணன் போட்டோ கேட்டதை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"குடுத்திட்டியா?"

"இல்ல."

போட்டோவைத் திருப்பிக் கேட்பாள் என்று பையில் எடுத்துப் போயிருந்தேன். கேட்கவில்லை. "ஞாயித்துக்கெழம கல்லுக்கு ஜீப்பு போகுது. அதுக்குள்ள வரைஞ்சு முடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூட்டா, காயா? மத்தியானம் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இப்போது வரைகிறேன். போட்டோவைப் பார்க்கவில்லை. அத்தை தைத்து முடித்ததும் குனிந்து நூலைப் பல்லால் கடிக்கும், அப்போது ஒரு கண் சுருங்கும். என் பாவாடைக் கொக்கி தைக்கும்போது பார்த்திருக்கிறேன். அதில் ஆரம்பித்தேன். வாய் வந்துவிட்டது. சுருங்கின கண்ணும்.

அண்ணன் கதவைத் தட்டுகிறான். "பாப்பா, போட்டோ என்னாச்சு? அந்தாளு மறுபடி கேக்குறாரு."

என்னிடம்தான் இருக்கிறது என்றேன். தர மாட்டேன் என்றேன். சத்தமாகவே.

இன்னும் தட்டுகிறான்.