அந்த வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள்

தெற்கு பிளாக், மாணவர் விடுதி
நியூயார்க் மாநிலம்
அக்டோபர், திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

தசைன் பண்டிகை நாளில் நம் ஊர் புட்வலில் எல்லோரும் நெற்றி நிறைய டீகாவுடன் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பிபனா எழுதுகிறேன். நான் நலம். காய்ச்சல் எதுவும் இல்லை. குளிருக்குப் பெரிய ஜாக்கெட் வாங்கிவிட்டேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் "சரி விடு, விடு" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படியுங்கள்.

நீங்கள் ஆவலாகக் கேட்ட விஷயம் முதலில். ஜனவரியிலிருந்து நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பயிற்சி உறுதியாகிவிட்டது. எனக்கும் என் அறைத்தோழி ப்ரகதி அர்யாலுக்கும் ஒரே இடம். தங்குவதற்கு ஜாக்சன் ஹைட்ஸில் அவளுடைய பெரியம்மா வீட்டு மாடி அறையைப் பேசியிருந்தோம் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு அவர் கையாலேயே தசைன் டீகாவும் வாங்கிக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை கிளம்பினோம். கூடவே மாரிசோலும் வந்தாள். மெக்ஸிகோவிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் படிக்கிறவள். நகரம் என்றால் அவளுக்குப் பைத்தியம்.

விடியற்காலைப் பேருந்திலேயே ப்ரகதி பேச்சை ஆரம்பித்தாள். "பெரியம்மா கொஞ்சம் பழைய ஆளுடி. குடும்பப் பேரு கேட்டா எங்க சாதிப் பேரா 'அதிகாரி'ன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. உன் பாஸ்போர்ட்டையா வாங்கிப் பாக்கப்போறாங்க?"

ஒன்றரை வருடமாக என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவள் அவள். கெட்டவள் இல்லை. நீங்களும் காத்மாண்டு விமான நிலையத்தில் இதையேதான் சொன்னீர்கள். அதனால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. அறை நல்ல அறை. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம்.

காலை முழுக்க ஒரே சிரிப்பு. டைம்ஸ் சதுக்கத்தில் கரடி வேஷம் போட்ட ஒருவன் எங்கள் தோளில் கைபோட்டுப் படம் எடுக்கவிட்டு, பிறகு காசுக்குக் கையை நீட்டினான். மாரிசோல் அவனிடம் ஸ்பானிஷில் சண்டைக்குப் போனாள். கரடித் தலைக்குள்ளிருந்து அதே பாஷையில் பதில் வந்தது. விசாரித்தால் இருவரும் ஒரே மாநிலம், பக்கத்துப் பக்கத்து ஊர். கரடி தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் ஊர்ச் சந்தையைப் பற்றி விசாரித்தது. "காசு வேணாம் தங்கச்சி, ஊருக்குப் போனா எங்கம்மாவப் பாத்து நான் ஆபீஸ்ல வேலை பாக்கறேன்னு சொல்லிடு" என்றது.

அப்புறம் தவறான ரயிலில் ஏறினோம். எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் அது பறந்தபோது ப்ரகதி கதவைத் தட்டி "அண்ணே, நிறுத்துங்க" என்று நேபாளியில் கத்தினாள், புட்வல் மினிபஸ் என்று நினைத்துவிட்டாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஜாக்சன் ஹைட்ஸில், தலைக்கு மேல் ரயில் ஓடும் தெருவில், மாரிசோல் வண்டிக்கடையில் மாட்டு நாக்கு வைத்த டாக்கோ வாங்கினாள். நாங்கள் எதிர்க்கடையில் மோமோ சாப்பிட்டோம். சட்னி நம் ஊர்ச் சட்னிதான், ஆனால் காரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். "வெள்ளக்காரன் வந்து சாப்பிடணும்ல பொண்ணு" என்றார் கடைக்கார அக்கா. "வந்தானா?" என்று கேட்டேன். "இன்னும் வரல" என்றார்.

பெரியம்மா நல்லபடியாகத்தான் கதவைத் திறந்தார் அப்பா. அதை மறைக்க மாட்டேன். "பசியோட வந்திருப்பீங்க, உள்ள வாங்க கண்ணுங்களா" என்று பாய் விரித்தார். அவர் சமைத்தால் நாற்றம் அடிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரன் புகார் கொடுத்திருக்கிறானாம். "இருவது வருஷமா இங்க இருக்கேன், இன்னும் என்னை மனுஷியா பாக்கல" என்றபோது அவர் கண் கலங்கியது. எனக்கு அந்த ஆள்மேல் கோபம் கோபமாக வந்தது.

தயிரும் அரிசியும் சிந்தூரமும் குழைத்த தட்டோடு வந்து முதலில் ப்ரகதிக்கு டீகா வைத்தார். காதில் ஜமரா பார்லி முளையைச் செருகி, நீண்ட ஆயுளோடு இரு என்று வாழ்த்தினார். அடுத்து மாரிசோல். "மெக்ஸிகோவா? எந்த நாடா இருந்தா என்ன, நீயும் எம் பொண்ணுதான்" என்று அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி நெற்றி முழுக்க அப்பினார். மாட்டு நாக்கு தின்ற வாயைத் துடைத்துக்கூட முடிக்கவில்லை அவள்.

பிறகு என் பக்கம் திரும்பி, விரல் நுனியில் சிவப்பு அரிசியோடு கேட்டார். "நீ புட்வல் தானே? எந்த வீட்டுப் பொண்ணு? பேருக்குப் பின்னாடி என்ன?"

ப்ரகதி என் முழங்காலைக் கிள்ளினாள்.

"சார்கி" என்றேன்.

அந்தக் கை என் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. "அப்பிடியா" என்றார். விரலைத் தட்டு விளிம்பில் வழித்தார். கொஞ்சம் டீகாவை ஒரு காகிதக் கிண்ணத்தில் போட்டு, பாய்மேலேயே தள்ளி என் முன்னால் நகர்த்தினார். "தோள்பட்டை வலிம்மா, கை தூக்க முடியல. நீயே வச்சுக்க."

"இப்பதானே பெரியம்மா ரெண்டு பேருக்குத் தூக்கினீங்க" என்றேன்.

அவர் கேட்காததுபோல எழுந்தார். மாடி அறையில் தண்ணீர் ஒழுகுகிறதாம், மராமத்து முடிய நாளாகுமாம். ஜனவரிக்குள் முடியாதாம்.

"ஒழுகினா ப்ரகதிக்கும் தானே ஒழுகும்?"

"இங்க பாரு பொண்ணு, நாங்க அதெல்லாம் பாக்கறவங்க இல்ல. இது அமெரிக்கா. ஆனா வீட்ல சாமி இருக்கு, சமையல்கட்டு ஒண்ணுதான். நீயே புரிஞ்சுக்கணும்."

"புரியுது. உங்க பக்கத்து வீட்டுக்காரனும் இதத்தான் சொல்லுவான். சமையல்கட்டு நாறுதுன்னு" என்றேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டேன். கிண்ணத்தை விடவில்லை, கையிலேயே எடுத்துக்கொண்டேன். பண்டிகை எனக்கும்தான். மாரிசோல் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடிவந்தாள். ப்ரகதி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது: "மன்னிச்சுக்கடி. எனக்கு ரூம் வேணும்." மாடி அறை அவளுக்கு ஒழுகாது போலிருக்கிறது. டிசம்பர்வரை நாங்கள் ஒரே அறையில்தான் இருந்தாக வேண்டும். இருப்போம். ஆனால் என் தட்டு இனி என் தட்டு.

அழுதேனா என்று அம்மா கேட்பாள். ரயிலில் கொஞ்சம் அழுதேன். அதற்காக நாளைக் கெடுத்துக்கொள்ள மாரிசோல் விடவில்லை. தீவுக்குப் போகும் இலவசப் படகில் ஏற்றிவிட்டாள். மேல் தளத்தில் காற்று ஆளையே தள்ளியது. அங்கே நின்றுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் நெற்றி டீகாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"இரு, இரு. மாட்ட தின்னுட்டு நான் உள்ள போலாம். மாட்டுத் தோல்ல செருப்பு தைச்சவங்க பொண்ணு நீ போகக் கூடாதா?"

"ஆமா."

"உங்க ஊர் சாமிக்கு மூளை குழம்பிப் போச்சு."

"சாமிய விடு. ஆளுங்கதான்."

கிண்ணத்தைப் பார்த்து, இதை யார் வைத்துவிட வேண்டும் என்று கேட்டாள். வயதில் மூத்தவர்கள் என்றேன். "நான் உன்னவிட மூணு மாசம் மூத்தவ. தலையக் குனி" என்றாள். காற்றில் பாதி அரிசி பறந்து பக்கத்திலிருந்தவர் தொப்பியில் விழுந்தது. மீதியை மூக்குவரை அப்பிவிட்டாள். வாழ்த்தும் சொல்ல வேண்டும் என்றேன். "நல்லா சம்பாதி, நல்லா சாப்பிடு, பொய் சொல்லாத" என்றாள். கடற்பறவைகள் அரிசிக்குச் சுற்றின. நகரம் முழுக்க விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் எனக்கு இவ்வளவு நல்ல மாலை இதுவரை அமைந்ததில்லை அப்பா. இதையும் நீங்கள் நம்ப வேண்டும்.

இனி ஆக வேண்டியது. பயிற்சியை விட மாட்டேன். கரோனா என்றொரு பேட்டை இருக்கிறது, அங்கே மாரிசோலின் உறவுக்காரப் பெண்கள் இருவர் ஓட்டலில் வேலை செய்கிறார்கள், ஒரு கட்டில் காலியாம். அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன். அது கிடைக்காவிட்டால் வேறு. ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் எந்தப் பெயர் போடலாம் என்று கேட்டிருந்தார்கள். பிபனா சார்கி என்று முழுசாகக் கொடுத்துவிட்டேன்.

அப்பா, ஒன்று கேட்கிறேன். முன்பு நன்றி சொல்ல அந்தப் பெரியம்மாவுக்கு ஒருமுறை போன் செய்து, 'கிருஷ்ண பகதூர் பேசறேன்' என்று பாதிப் பெயரோடு நிறுத்திக்கொண்டீர்களாமே. இப்போதும் இந்தக் கடிதத்தை மடித்த கையோடு போனை எடுப்பீர்கள். "சின்னப் புள்ளைங்க, தெரியாம பேசிட்டா, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நம் கடைக்கு வந்து ஷூ வாங்கிவிட்டுக் காசைக் கையில் தராமல் மேஜையில் வைத்துப் போகிறவர்களிடம் சிரிப்பீர்களே, அதே சிரிப்பு.

நான் தெரியாமல் பேசவில்லை. தெரிந்துதான் பேசினேன். தயவுசெய்து அந்த வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். இந்தத் தசைனுக்கு நீங்கள் எனக்குத் தரும் ஆசி அதுவாக இருக்கட்டும்.

உங்கள் மகள்
பிபனா சார்கி