மட்டம் பார்த்த கேபிள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நீ உடம்பும் மனசுமாக நன்றாக இருக்க வேண்டும் என்று சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். என் முழங்கால் வலி தேவலை. உன் மாமாதான் ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நீயும் மாமாவும் ஒரே ஆபீசில் வேலை பார்த்த அந்த சிக்னல் ஜெனரேட்டர் விஷயம்தான். படகு ரேடியோவுக்கெல்லாம் காது கேட்கிறதா என்று அதை வைத்துத்தானே சோதிப்பீர்கள். கேபிள் போகிற வழியில் சிக்னலைக் கொஞ்சம் குடித்துவிடுமாம், அலைவரிசைக்கு அலைவரிசை குடிக்கிற அளவும் மாறுமாம். அதனால் கேபிள் முனையில் மீட்டரை மாட்டி, எங்கே எவ்வளவு குறைகிறதோ அதைச் சேர்த்து அனுப்பும்படி மெஷினில் பட்டியல் ஏற்றி வைப்பீர்களாம். மாமா நாலு தடவை சொல்லி எனக்கு விளங்கியது இவ்வளவுதான். நீங்கள் அதை மட்டம் பார்ப்பது என்பீர்கள். நீ அந்த வேலையை விட்டுக் கிளம்புகிற வாரம் நீதான் பார்த்தாய். பட்டியலில் உன் பெயர் இருக்கிறது.

நீ போன பிறகு அந்த நீளக் கேபிளின் முனை தேய்ந்துவிட்டது. மாமா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே கறுப்பில் இருந்த குட்டைக் கேபிளை மாட்டினார். மீட்டர் அப்போது சோதனைக்கு வெளியே போயிருந்தது. வந்ததும் புதுப் பட்டியல் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவர் மறந்துபோனார். குட்டைக் கேபிள் அவ்வளவு குடிக்காதே. மெஷின் நீளக் கேபிளுக்கு உள்ளதைச் சேர்த்துச் சேர்த்து அனுப்ப, மந்தக் காது ரேடியோவுக்குக்கூட நன்றாகக் கேட்டது. ஒன்பது ரேடியோவுக்குச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது.

ஒரு படகுக்காரர் வந்து, கரையிலிருந்து கூப்பிட்டது காதிலேயே விழவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறார். ஒன்பதையும் திரும்ப வாங்கிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடவுள் காப்பாற்றினார். மெஷினைச் சோதித்தால் பட்டியலும் கேபிளும் ஒத்துப்போகவில்லை. கேபிள் மாறியது மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது, பட்டியலில் இருப்பதோ உன் பெயர். மேனேஜர், அந்தப் பொண்ணு மட்டம் பார்த்ததே மட்டம்தான் என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். மாத முடிவில் உன் புது ஆபீசுக்கு எழுதப் போகிறார்களாம்.

இதையெல்லாம் எனக்கு அவரேதான் சொன்னார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, "நானும் சேந்து சிரிச்சேன்டி" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்றேன் சொல்றேன் என்றார். காலையில் கிளம்புகிறார், சாயங்காலம் சொல்லாத அதே வாயோடு திரும்பி வருகிறார். சாமி கும்பிடக் கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கறுப்புக் கேபிள்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் அவர் சொல்லாவிட்டால், முழங்கால் வலித்தாலும் படியேறிப் போய் மேனேஜரிடம் நானே சொல்வேன். அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

அவர் கெட்டவர் இல்லை என்று உனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். அவர் போன் பண்ணினால் பரவாயில்லை மாமா என்று முந்திக்கொண்டு சொல்லிவிடாதே, கண்ணு. எவ்வளவு நேரமானாலும் முழுசாகச் சொல்ல விடு. சாமி உன் பக்கம்தான் இருக்கிறது, நானும்.

உன் அத்தை