ஃபான் வீட்டுச் சட்டியில் ஊற்றிய பச்சைத் தண்ணீர்

மகன் லெய்க்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அடுப்பு எரிகிறது, சோறு இறங்குகிறது. அந்த ஹார்பின் பனியில் உன் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது.

புத்தாண்டுக்கு நாலு கூட்டாளிகளோடு இரும்புக் கம்பி கொண்டுவந்து பன்றிக்கறிக் கடை ஃபானின் காலை முறிக்கப் போகிறாயாம். யார் சொன்னது உனக்கு, உன் சித்தப்பாதானே? அந்த மனுஷன் முதல் அடி விழுந்ததுமே முட்டைக்கோஸ் வண்டிக்கு அடியில் புகுந்தவர், அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு டிக்கெட் எடு. ஃபானின் அப்பா இடுப்பு வலியில் குனிய முடியாமல் கிடந்தார். உன் அப்பா நாடி பார்த்து வச்சநாபி விஷக்கிழங்கு சேர்த்த கஷாயப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார், கொடுக்கும்போது வழக்கமான பாட்டையும் பாடினார், நாபியை மட்டும் முதல்ல தனியா கொதிக்க விடு, துண்டைக் கடிச்சா நாக்கு மரக்கக் கூடாது, அதுவரைக்கும் எறக்காதே, அப்புறம்தான் சுக்கும் அதிமதுரமும், தண்ணி வத்துனா சுடுதண்ணி ஊத்து, பச்சத்தண்ணி ஒரு சொட்டு விழுந்தாலும் வெஷம் திரும்பிரும் என்று. நாபிக் கிழங்கு விளைகிற ஊர் இது, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் அந்தக் கஷாயத்தைக் குடித்த கிழவருக்கு உதடு மரத்து, வாந்தி வந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை நாங்கள் கடை திறந்ததும் ஃபானும் அவன் தம்பியும் கதவை உதைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கப்பன கொன்னுட்டு கட தொறக்குறியாடா வைத்தியா என்று கத்திக்கொண்டே ஃபான் மருந்து இழுப்பறைகளை உருவி உருவிச் சுவரில் அடித்தான். தம்பிக்காரன் அப்பாவின் தலையைப் பிடித்து மேசையில் மோதினான், ஒரு தடவை இல்லை. நான் மருந்து இடிக்கும் வெண்கல உலக்கையை எடுத்து அவன் தோளில் போட்டேன், எலும்பு விட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவன் திருப்பி விட்ட குத்தில் என் முன்பல் போய்விட்டது, துப்பிவிட்டு மறுபடியும் போட்டேன். அதற்குள் ஃபான் அப்பாவின் வலது கையை இழுத்து, மேசையில் பொருத்திய, வேர் நறுக்கும் பெரிய கத்திக்கு அடியில் வைத்துவிட்டான். நாடி பாக்குற மூணு வெரலும் இனி ஒனக்கு எதுக்குடா என்று கைப்பிடியை அழுத்தினான். அப்பா கையைப் பிடுங்கிக்கொண்டார், ஆள்காட்டி விரல் மட்டும் கூட வரவில்லை. நறுக்கி வைத்த அதிமதுரத்தோடு கிடந்தது.

நான் தெருவுக்கு ஓடினேன். பயந்து ஓடவில்லை. நோய் மிதிபட்டுப் போகட்டும் என்று எல்லா வீட்டிலும் கொட்டுகிற மாதிரி ஃபான் வீட்டிலும் கஷாயச் சக்கையை நடுரோட்டில் கொட்டியிருந்தார்கள். அதில் நாபித் துண்டைப் பொறுக்கிக் கடித்தேன், நாக்கு உடனே மரத்தது. துப்பிவிட்டுத் திரும்பி வந்து ஃபானின் வாயில் ஒன்றைத் திணித்து, கடிடா, முழுங்காதே என்றேன். கடித்தான். அடுத்து அவன் வைய வாய் திறந்தபோது நாக்கு புரளவில்லை. டோஃபு விற்கிற ஹுவாங் அக்கா வாசலில் நின்று, மரத்துப்போச்சா ஃபானு, இப்பவாவது கொஞ்சம் வாய மூடு என்றாள். ஃபானின் பெண்டாட்டி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இன்னும் வேகலன்னு நான் கையப் புடிச்சனே, சந்தைக்கு நேரமாச்சுன்னு பச்சத்தண்ணிய நீதான ஊத்துன, நீதான எறக்குன என்று அவன் மார்பிலேயே அடித்தாள்.

ஃபான் தன் கையைத் தானே அந்தக் கத்திக்கு அடியில் வைத்தான். வெட்டுங்க அண்ணி என்று மரத்த நாக்கோடு குழறினான். நான் கைப்பிடியைப் பிடித்தேன் லெய், அழுத்தத்தான் பிடித்தேன். உன் அப்பா துணியில் கையைச் சுற்றிக்கொண்டு, கைய எடு, கத்தியக் கழுவு, நாளைக்கு மருந்து நறுக்கணும் என்றார். அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் மயங்கி விழுந்தார்.

போலீஸ் வந்து அண்ணன் தம்பி இரண்டு பேரையும் கொண்டுபோனது. அப்பனை அடக்கம் செய்ய ஃபானை மட்டும் ஜாமீனில் விட்டிருக்கிறார்கள், வழக்கு நடக்கிறது. நான் அவனை மன்னிக்கவில்லை, எதிரே வந்தால் காறித் துப்புகிறேன், துடைத்துக்கொண்டு போகிறான். முகம் கழுவக்கூடத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் தொடுகிறானாம், அவன் பெண்டாட்டி சொன்னாள். நீ காலை முறித்தால் அவன் உனக்கு நன்றி சொல்வான், ஜெயிலுக்குப் போவது நீ. உன்னைப் பார்க்க அவ்வளவு தூரம் ரயிலேற என்னால் முடியாது.

அப்பா இப்போது இடது கையால் நாடி பார்க்கப் பழகுகிறார், பழகிக்கொள்ள என் கைதான். கோழியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறார், சிரித்தால் நாடி கெடுதுடீ என்கிறார். உன் கையையும் கேட்கிறார், வா, கம்பி இல்லாமல் வா. உன் முட்டி வலிக்கு முன்பு அனுப்பிய பொட்டலத்திலும் நாபி இருக்கிறது, நீயாகக் காய்ச்சாதே, அப்படியே கொண்டு வா, இங்கே நான் பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சித் தருகிறேன். உன் கோபம் ஆறட்டும், உன் கால் கை சுகமாக இருக்கட்டும்.

முன்பல் இல்லாத உன் அம்மா,
ஷூ-லிங்