ஏழு நொடி

நவம்பர் 15

டிக்கெட் கிடைத்துவிட்டது. வளைகுடாக் கோப்பை இறுதி ஆட்டம், பதினான்காம் வரிசை. ஆறு மணி நேரம் நின்று வாங்கியது. ஒன்றே ஒன்று. என் வாழ்நாளில் இப்போதுதான் இந்தப் போட்டி எங்கள் ஊர் பஸ்ராவுக்கு வந்திருக்கிறது. இனி டிவியில் பார்க்கிற பேச்சே இல்லை. எங்கள் டிஷ்ஷில் படம் ஏழு நொடி தாமதம். ரேடியோவோடு வைத்து அளந்திருக்கிறேன். நடந்து முடிந்ததைப் பார்த்துக் கைதட்டுவது எனக்குப் பிடிக்காது.

நவம்பர் 17

மீன் வாங்கப் போன அப்பா ஒரு குவைத்காரரோடு திரும்பினார். அபூ மிஷாரி. அறுபது வயதிருக்கும். ஓட்டல் தேடிக்கொண்டிருந்தாராம். ஊர் முழுக்க இதே கூத்து — விருந்தாளிக்கு அடிதடி. எதிர்வீட்டு ஹாத்திம் அவர் பெட்டியை ஒருபக்கம் இழுக்க, அப்பா மறுபக்கம் இழுத்தாராம். அப்பா ஜெயித்தார். என் அறை போயிற்று.

நவம்பர் 20

குவைத் வெளியேறிவிட்டது. அவரும் பெட்டியைக் கட்டினார். அப்பா அவருடைய கார்ச் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டார். இறுதி ஆட்டம் முடிந்துதான் போக வேண்டுமாம்.

நவம்பர் 21



மதியச் சாப்பாட்டின்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த டிக்கெட்டை அபூ மிஷாரி பார்த்தார். "பதினாலாவது வரிசையா? கொடுத்து வச்சவங்க." அவ்வளவுதான் சொன்னார். அப்பா எழுந்து போய் அதை எடுத்து அவர் தட்டருகே வைத்தார். "இது உங்களுது."

விருந்தாளி ஒன்றைப் புகழ்ந்தால் அது அவருக்கு. யார் போட்ட சட்டம்? அவர் பதறிப்போய் மறுத்தார். மூன்று முறை மறுத்தார், அப்பா மூன்று முறையும் வற்புறுத்தினார். அதற்குமேல் மறுத்தால் அவமானம். வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அவரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிட்டேன். அது என் டிக்கெட், அப்பாவுடையது இல்லை, வேறு கிடையாது. சாவி எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அதில் என்ன தப்பு?

நவம்பர் 22

விடிந்தபோது அவர் இல்லை. படுக்கை மடித்திருந்தது. தேநீர்த் தட்டுக்கு அடியில் டிக்கெட்.

அவரிடம் நான் சொன்னதை அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"தொண்ணூறுல, இருபது வயசுல, பட்டாளத்தோட குவைத்துக்குள்ள போனேன். யாரும் கூப்பிடல. வீடு வீடாப் புகுந்தோம், வேணுங்கறத எடுத்தோம். இன்னிக்கு அந்த ஊர்க்காரன் என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டான்டா."

பிறகு ஒன்றும் பேசவில்லை. இதை இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை.

நவம்பர் 23

பேசவில்லை. அரிசி டப்பாவை மட்டும் அடிக்கடி திறந்து பார்க்கிறார்.

நவம்பர் 24

அபூ மிஷாரிக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. "டிக்கெட் இங்கதான் இருக்கு. நீங்க வரலைன்னா நானும் போகமாட்டேன். அந்த சீட்டு காலியாக் கிடக்கும்," என்றேன்.

அவர் சிரித்தார்.

"உங்கப்பா மாதிரி உனக்கு வற்புறுத்தத் தெரியல தம்பி. மூணு தடவை சொல்லணும்."

சொன்னேன். இன்னும் இரண்டு முறை, பல்லைக் கடித்துக்கொண்டு.

நவம்பர் 27

இன்று இறுதி ஆட்டம், எங்கள் அணியும் ஆடுகிறது. அபூ மிஷாரி மதியமே வந்துவிட்டார். அப்பா தெருவிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவையாவது எனக்கு விட்டுக்கொடு, அபூ சர்மத்," என்று அப்பாவிடம் கேட்டார் ஹாத்திம். அப்பா அவருக்குப் பதில் சொன்னார். எனக்குத்தான் ஒரு சொல்லும் இல்லை.

விருந்தாளியை மைதான வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். ஹாத்திம் வீட்டுச் சுவரில் வெள்ளைத் துணி, புரொஜெக்டர், எங்கள் டிஷ், தெரு ஜெனரேட்டர். எல்லாம் என் பொறுப்பு. லோடு தாங்காது, ஹீட்டர் போட்டால் வயரைப் பிடுங்கிவிடுவேன் என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தேன்.

இரண்டாம் பாதியில் போன் அடித்தது. அபூ மிஷாரி. போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் போல, மைதானத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. காதோடு அழுத்திக்கொண்டேன்.

திடீரென்று காது கிழிகிற மாதிரி ஒரு முழக்கம். துணியில் பந்து இன்னும் எங்கள் பாதியிலேயே இருந்தது. தெரு முழுக்க நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

அப்பா துணியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா?"

ஐந்து நாளுக்குப் பிறகு முதல் சொல்.

"பொறுங்கப்பா," என்றேன். "இன்னும் அஞ்சு நொடி."